எந்த நூலின் கையைப் பிடிப்பது?

கதகளிப் பட்டறை ஒன்றில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தேன். ஆசான் "பதாகம் காட்டுங்கள்" என்றார். பதாகம் ஒரு ஹஸ்தம், அதாவது கை முத்திரை. பத்து வருடமாகப் பரதம் ஆடும் பெண் ஒருத்தி முதல் வரிசையில் இருந்தாள். நான்கு விரலையும் ஒட்டி நிமிர்த்தி, கட்டைவிரலை மடக்கிச் சட்டென்று நீட்டிவிட்டாள். நானும் மடியில் கையை வைத்தபடி அதையே பிடித்திருந்தேன். ஆசான் சிரித்துக்கொண்டே, "இது திரிபதாகம்" என்றார். பிறகு மோதிர விரலை மட்டும் மடக்கித் தன் கையைக் காட்டினார்: "இதுதான் பதாகம்."

நம் பரத வகுப்பில் மோதிர விரலை மடக்கினால் அது திரிபதாகம். ஐந்து வயதில் படித்த பாடம். அந்தப் பெண் முகத்தில் ஈயாடவில்லை.

தவறு யாருடையதும் இல்லை. அவர் கையிலிருந்த நூல் வேறு, அவள் கையிலிருந்த நூல் வேறு. "ஹஸ்தங்களை ஒழுங்காகப் படிக்க வேண்டும், எந்த நூலை எடுக்கலாம்?" என்று என் மூத்த மாணவிகள் கேட்கும்போதெல்லாம் இந்தக் காட்சிதான் முதலில் நினைவுக்கு வரும். "எல்லா நூலும் ஒன்றையேதான் சொல்கின்றன" என்று சமாளித்துவிடலாம். ஆனால் அது உண்மையில்லை.

தமிழ்நாட்டில் பரதம் படிக்கிறவர் முன்னால் நிஜமாக இருப்பவை நான்கு: அபிநய தர்ப்பணம், நாட்டிய சாஸ்திரம், சங்கீத ரத்னாகரம், கேரளத்தின் ஹஸ்தலட்சண தீபிகை. இவை சமஸ்கிருதம். கூடவே தமிழில் ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஒடிசி ஆடுகிறவர்களுக்கும் அஸ்ஸாமின் சத்திரியா ஆடுகிறவர்களுக்கும் அவரவர் பக்கத்து நூல்கள் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு அவை தேவைப்படாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதலில் நாம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும் கை எந்த நூலுடையது என்று பார்ப்போம். பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம், கர்த்தரீமுகம், மயூரம் என்று குழந்தைகள் ராகம் போட்டு ஒப்பிக்கிற அந்தப் பட்டியல் நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம். ஒற்றைக் கை 28. இரட்டைக் கை 23. சில ஏடுகளில் அவகித்தத்தையும் சேர்த்து 24. அதற்கு மேல் தேவர்களுக்கு, தசாவதாரத்துக்கு, நவக்கிரகங்களுக்கு, மாமியார், நாத்தனார், சக்களத்தி வரை உறவு முறைகளுக்கு எல்லாம் தனித்தனிக் கை. சின்ன நூல்தான். மனோமோகன் கோஷ் 1934இல் வெளியிட்ட பதிப்பில் 324 சுலோகங்கள். நாலாயிரம் சுலோகம் கொண்ட பரதார்ணவத்தைக் கேட்க இந்திரனுக்குப் பொறுமை இல்லாததால் நந்திகேசுவரர் சுருக்கிச் சொன்னார் என்று ஒரு கதை இதற்கு முன்னுரையாக வரும். தேர்வுக்கு முந்தின வாரம் நோட்ஸ் கேட்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்திரன் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

ஒவ்வொரு கைக்கும் முதலில் விரல்களின் அமைப்பு, அடுத்து விநியோகம், அதாவது அது எதை எதைக் காட்டும் என்ற பட்டியல். இந்த நூலின் பலம் முழுவதும் அங்கேதான். பதாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நாட்டியத் தொடக்கம், மேகம், காடு, ஒன்றை வேண்டாம் என்பது, இரவு, ஆறு, குதிரை, வெட்டுவது, காற்று, படுப்பது, நிலவு, கடும் வெயில், கதவைத் தட்டுவது அல்லது திறப்பது, ஏழு வேற்றுமைகள், அலை, சத்தியம் செய்வது, பேசாமல் இருப்பது, பனையோலை, கேடயம், ஆசீர்வாதம்... இன்னும் போகும். வேற்றுமை உருபுக்கும் குதிரைக்கும் ஒரே கை! மனப்பாடம் செய்ய இதைவிட வசதியான நூல் இல்லை. டிப்ளமோ வாய்மொழித் தேர்வில் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் அந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரவுக்குப் பதாகம் என்றால் கை எங்கே இருக்க வேண்டும்? எந்தப் பக்கம் போக வேண்டும்? காற்றுக்கும் அலைக்கும் கை ஒன்று என்றால் வித்தியாசம் எதில் இருக்கிறது? அங்கே பதில் இல்லை. அதை உங்கள் குருவின் உடலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நூல் அதை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. நல்ல குரு கிடைத்தவருக்கு இது குறையே இல்லை. புத்தகத்தையும் யூடியூபையும் மட்டும் வைத்துக்கொண்டு படிப்பவருக்குப் பெரிய குறை.

இப்போது நாட்டிய சாஸ்திரத்துக்கு வருவோம். கைகள் வருவது ஒன்பதாம் அத்தியாயத்தில். ஒற்றைக் கை 24, இரட்டைக் கை 13, பிறகு நிருத்த ஹஸ்தங்கள், அதாவது பொருள் காட்டாமல் ஆட்டத்தின் அழகுக்காக வரும் கைகள். மொத்தம் 64 என்று நூலே சொல்கிறது. நிருத்தக் கைகளை 30 என்று எண்ணுகிறவர்களுக்கு 67 வரும். அபிநய தர்ப்பணத்தின் 28 கைகளோடு இந்த 24ஐப் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பாருங்கள், ஒரு சுவாரசியம் தெரியும். அர்த்தபதாகம், மயூரம், சந்திரகலா, சிம்மமுகம், திரிசூலம் என்ற 5 புதிது. ஊர்ணநாபம் என்ற சிலந்திக் கை 28இல் இடம் இழந்துவிட்டது. இரட்டைக் கைகளில் மாற்றம் இன்னும் வெளிப்படை. நாட்டிய சாஸ்திரத்தில் அவகித்தம், வர்த்தமானம், நிஷதம் போன்றவை இருக்கும் இடத்தில் அபிநய தர்ப்பணம் சிவலிங்கம், சங்கு, சக்கரம், மீன், ஆமை, வராகம், கருடன், கட்டில், பேருண்டப் பறவை என்று கொண்டுவந்து வைக்கிறது. புதிதாக வந்தவை அநேகமாக எல்லாமே பெயர்ச்சொற்கள். கடவுளைப் பாடும் உருப்படிகளை ஆட என்ன கைகள் வேண்டுமோ அவை. வர்ணம், பதம் என்று நாம் ஆடும் பாட்டு உருப்படிகளுக்கு இந்த நூல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

நாட்டிய சாஸ்திரம் நாடகக்காரர்களுக்கான நூல். அதனால் அது கேட்கும் கேள்வி வேறு. அதே பதாகத்துக்கு அது முதலில் சொல்லும் பயன்கள் அடி விழுவது, வெம்மை, விரட்டுவது, பெருமகிழ்ச்சி, "நான்!" என்ற கர்வம். இதற்கெல்லாம் கையை நெற்றியின் அளவுக்கு உயர்த்திக் காட்ட வேண்டும் என்கிறது. தீயின் நாக்கு, மழைத்தாரை, பூமாரி இவற்றுக்கு இரண்டு கையும் சேர வேண்டும், விரல்கள் விலகி அசைய வேண்டும். பாருங்கள், கை இருக்கும் இடம், அசைவு, விரலுக்கு விரல் இடைவெளி எல்லாம் வந்துவிட்டது. இரண்டு வரியில் உடல் கண்ணுக்குத் தெரிகிறது.

அதே அத்தியாயத்தின் பின்பகுதியை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, செய்யவும் முடியாது. அதற்காகத்தான் இந்த நூலைச் சிபாரிசு செய்கிறேன். உயர்ந்த பாத்திரங்களின் கை நெற்றியை ஒட்டி நடமாடும், இடைப்பட்டவர்களுக்கு மார்பளவில், கீழ்நிலைப் பாத்திரங்களுக்கு அதற்கும் கீழே என்கிறது. உயர்ந்தவர் குறைவாகக் கை காட்டுவார், இடைப்பட்டவர் நடுத்தரமாக, கீழ்நிலைப் பாத்திரம் கையைப் பரபரவென்று வீசிக்கொண்டிருக்கும். சமூகத்தை இப்படி மூன்றாகப் பிரிப்பதை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கை எவ்வளவு பேசுகிறது என்பதே ஒரு பாத்திரத்தைக் காட்டிவிடும் என்ற கவனிப்பு மேடைக்கு இன்றும் உதவுகிறது. ராமனாகவும் கூனியாகவும் மாறி மாறி ஆடுகிறவர் இரண்டு பேருக்கும் ஒரே அளவு கை காட்டினால் யார் யாரென்று பார்ப்பவருக்குத் தெரியுமா?

அதற்கடுத்து வருவது இன்னும் பெரிய விஷயம்: எப்போது கை காட்டவே கூடாது. மனம் உடைந்தவன், மயங்கியவன், பயந்து நடுங்குபவன், துக்கத்தில் வாடுகிறவன், நோயிலோ குளிரிலோ ஒடுங்கியவன், தூங்குகிறவன், குடித்திருப்பவன், பித்துப் பிடித்தவன்: இவர்களுக்கெல்லாம் ஹஸ்தாபிநயம் வேண்டாம் என்கிறது. உடலில் தானாக எழும் மெய்ப்பாடும் குரலின் ஏற்ற இறக்கமும் அங்கே வேலை செய்யும். 28 கையையும் கற்ற பிறகு இந்த இடத்தைப் படித்தால் தலையில் தண்ணீர் தெளித்ததுபோல இருக்கும்.

ஒரு வரியை வைத்துப் பார்த்துவிடலாம். "மழை பெய்கிறது, அவன் இன்னும் வரவில்லை." நாயகி சொல்கிறாள்.

அபிநய தர்ப்பணம் மட்டும் தெரிந்த மாணவி பதாகத்தால் மேகம் காட்டுவாள். மழையைக் கொண்டுவருவாள். சிகரத்தால் நாயகன், பிறகு வருவது, பிறகு பதாகத்தை ஆட்டி இல்லை. சொல்லுக்குச் சொல் கை இருக்கும், எதுவும் விட்டுப்போகாது. தாளத்துக்குள் அழகாகவும் அடங்கும். வகுப்பில் கைத்தட்டல் நிச்சயம். ஒன்பதாம் அத்தியாயமும் படித்தவள் மழைக்கு இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களை விலக்கி அசைத்துக் கீழே கொண்டுவருவாள். "அவன் இன்னும் வரவில்லை" என்ற இடத்தில் கை மழையோடு இறங்கி மடியிலேயே நின்றுவிடலாம். அங்கே அவள் மனம் உடைந்தவள். கை வேண்டாம், கண் போதும். பாட்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது நான்காவது முறை இப்படிக் கையை விட்டுவிட்ட ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். சபையில் யாரும் இருமக்கூட இல்லை.

கதகளி நடிகர் இதே வரியைச் சொல்லுக்குச் சொல் முத்திரையில் பேசுவார், "இல்லை" உள்பட. அங்கே நடிகர் வாய் திறந்து பாடுவதில்லை. பின்னால் பாட்டுக்காரர்கள் நின்று பாடுவார்கள், மேடையில் பேசுவது கைதான். கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தில் இது இன்னும் நுணுக்கமாகப் போகும். இந்த மரபின் அரிச்சுவடிதான் ஹஸ்தலட்சண தீபிகை.

இதிலும் எண்ணிக்கை 24தான். ஆனால் எண் ஒன்று என்பதால் நாட்டிய சாஸ்திரத்தின் அதே 24 என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இரண்டாவது கையின் பெயர் முத்ராக்யம். அந்தப் பெயர் மற்ற இரண்டு நூலிலும் கிடையாது. நாம் இரட்டைக் கையாகக் கும்பிடும் அஞ்சலி இங்கே ஒற்றைக் கைகளின் வரிசையில் உட்கார்ந்திருக்கும். மோதிர விரல் மடங்கிய பதாகத்தின் இரட்டைக் கைப் பயன்கள் சூரியன், அரசன், யானை, சிங்கம் என்று தொடங்கும். 24 என்பது அகராதியின் சொற்கள் இல்லை, எழுத்துகள். ஒரே கையை இரண்டு பக்கமும் பிடித்தால் சம்யுதம், இரண்டு கையில் இரண்டு முத்திரை பிடித்தால் மிஸ்ரம். இப்படிச் சேர்த்துச் சேர்த்து நூற்றுக்கணக்கில் சொற்களை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அமைப்பாகப் பார்த்தால் நான்கிலும் இதுதான் கெட்டிக்காரத்தனமானது என்பேன்.

அதற்காகப் பரதம் படிக்கிற பெண் இதை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். பரதத்தின் கையில் ஒரு கதகளிப் பதாகம் நுழைந்தால் பார்ப்பவருக்கு அது திரிபதாகம். நீங்கள் அரசனைக் காட்டுவீர்கள், அவர் மரத்தையோ விளக்கையோ பார்ப்பார். மோகினியாட்டமோ கதகளியோ கேரள ஆசானிடம் முறையாகத் தொடங்கினால் மட்டும் இதை எடுங்கள். அப்போது இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோட்டில் இரண்டையும் எழுதிவைத்த ஒரு பிள்ளை ஆறு மாதம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சங்கீத ரத்னாகரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சாரங்கதேவர் எழுதியது. ஏழு அத்தியாயங்களில் கடைசி ஒன்றுதான் நடனம். கை எண்ணிக்கை 24, 13, 30. நாட்டிய சாஸ்திரத்தின் வழியில் போகிறது, ஆனால் சொல்வது ஒழுங்காக, குழப்பமில்லாமல் இருக்கும். கணக்கு அதிகாரியாக இருந்தவர் அல்லவா, வரவு செலவு சரியாக நிற்கும். இதன் உண்மையான பயன் 30 நிருத்த ஹஸ்தங்களில். அபிநய தர்ப்பணத்தில் நிருத்த ஹஸ்தம் என்று 13 உண்டு, ஆனால் பதாகம், அஞ்சலி, கபித்தம், அலபத்மம் என்று ஏற்கெனவே படித்த கைகளின் பெயர்களே திரும்ப வரும். இங்கேயும் நாட்டிய சாஸ்திரத்திலும் வரும் சதுரசிரம், ரேசிதம், லதா, கரிஹஸ்தம் போன்றவை விரல் அமைப்பைத் தாண்டியவை. தோளிலிருந்து முழுக் கையும் எழுதும் கோடுகள். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் செதுக்கிய 81 கரணங்களையோ (கை, கால், உடல் சேர்ந்த ஆட்ட அசைவுகள்), சிதம்பரம் கோபுர வாசலில் சுலோகத்தோடு நிற்கும் கரணங்களையோ பார்த்து ஆட ஆசைப்படுகிறவருக்கு இது இல்லாமல் வேலை ஆகாது. மற்றவர்கள் இப்போதைக்கு அலமாரியில் வைக்கலாம்.

இனி அந்தத் தமிழ் நூல். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடலாசானின் தகுதியைச் சொல்லும்போது "பிண்டியும் பிணையலும் எழிற்கையும் தொழிற்கையும்" என்று ஒரு வரி வரும். அதற்கு உரை எழுதும் அடியார்க்கு நல்லார் ஒற்றைக் கை 33, இரட்டைக் கை 15 என்று பெயர் சொல்லிக்கொண்டே போகிறார். உ. வே. சாமிநாதையர் 1892இல் இந்த உரையோடு சிலம்பைப் பதிப்பித்ததால் இது நம் கைக்கு வந்தது. பதாகை, திரிபதாகை, கத்தரிகை என்று தொடங்கி இளம்பிறை, குடங்கை, விற்பிடி, மான்தலை, வலம்புரி என்று போகும் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திரிபதாகைக்கு மடங்குவது இங்கும் அணிவிரல், அதாவது மோதிர விரல்தான். ஆகப் பட்டறைச் சண்டையில் அடியார்க்கு நல்லார் நம் கட்சி. ஆட்ட மேடையில் இந்த 33ஐ அப்படியே பிடிக்க இன்று பாடமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆகவே முதல் நூலாக இதைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் தரும் ஒரு பிரிவினை எனக்குத் தினமும் உதவுகிறது. அழகுக்காகக் காட்டும் கை எழிற்கை, தொழிலைக் காட்டும் கை தொழிற்கை, பொருளைக் காட்டும் கை பொருட்கை. அடவில், அதாவது அடிப்படை ஆட்டப் பயிற்சியில், நீளும் கையைப் பார்த்து "இது என்ன அர்த்தம் மிஸ்?" என்று கேட்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம் பொருளில்லாத ஆட்டம் நிருத்தம், பொருளோடு ஆடுவது நிருத்தியம் என்று விளக்கிக்கொண்டிருந்த காலம் உண்டு. இப்போது "அது எழிற்கைடா கண்ணா" என்றால் போதும், அடுத்த அடவுக்குப் போய்விடுகிறோம்.

சரி, என் முடிவு என்ன? வகுப்பில் அபிநய தர்ப்பணத்திலேயேதான் தொடங்குகிறேன். பரதத்தின் பொது மொழி அது. வேறு ஊர், வேறு குரு என்று போனாலும் கை புரியும். இரட்டைக் கையும் விநியோகமும் வாயில் உருண்ட பிறகு, முதல் பதத்தை எடுப்பதற்கு முன்பு, நாட்டிய சாஸ்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தை மொழிபெயர்ப்பிலாவது ஒருமுறை சேர்ந்து படிக்கிறோம். ஒப்பிக்கச் சொல்வதில்லை. தேர்வு மட்டும்தான் குறி என்றால் இரண்டாவது படி இல்லாமலும் மதிப்பெண் வந்துவிடும், அதை மறைக்க விரும்பவில்லை. மாறாக, சொந்தமாக நடனம் அமைக்கப் போகிறவர் என்றால் வரிசையைத் திருப்பியே போடச் சொல்வேன். நாட்டிய சாஸ்திரம்தான் அவருக்கு முதல் நூல். பொருள் தரும் உலக வழக்குக் கைகள் வேறு இருந்தால் ரசத்துக்கும் பாவத்துக்கும் ஏற்ப விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளலாம் என்று கையைப் பற்றிய அந்தப் பகுதியிலேயே அது சொல்லிவிடுகிறது. செல்ஃபி எடுக்கும் நாயகிக்கு எந்தச் சுலோகமும் இல்லையே என்று யாராவது மடக்கினால் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

கடைசியாகக் கடையில் நிற்கும்போது உதவும் ஒன்று. ஹஸ்தப் புத்தகம், சுவர்ப்படம், ஆப் என்று எதை வாங்கினாலும் பல சமயம் எந்த நூலைப் பின்பற்றுகிறது என்று அட்டையில் இருக்காது. ஒற்றைக் கைப் பட்டியலைத் திறந்து முதல் மூன்று பெயரைப் பாருங்கள். மூன்றாவது அர்த்தபதாகம் என்றால் அபிநய தர்ப்பணம். மூன்றாவது கர்த்தரீமுகம் என்றால் நாட்டிய சாஸ்திரத்தின் வரிசை. அடியார்க்கு நல்லாரின் கத்தரிகையும் அதே மூன்றாம் இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாவதே முத்ராக்யம் என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு கேரள ஆசானைத் தேடுங்கள்.